அந்த அம்மாவைக் கேட்டீர்களா?

நர்சிங் மாணவர்களுக்கு மகப்பேறு போஸ்டிங், அதாவது பிரசவ வார்டுப் பயிற்சி, தொடங்கும் முதல் வாரத்தில், ஆண் மாணவர்கள் எல்லாரும் திடீரென்று ரொம்ப உதவிகரமான பிள்ளைகளாக மாறிவிடுவார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றுவார்கள். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவார்கள், ரிப்போர்ட்டை வாங்கி வருவார்கள், வார்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் பிபி பார்த்து எழுதுவார்கள். லேபர் ரூம் கதவுக்கு உள்ளே நடப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் அவர்கள் தலையில்தான். அவர்களும் மறுப்பதில்லை. கை சும்மா இருந்தால் ‘நீ ஏன் இங்கே நிற்கிறாய்’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

மகப்பேறு செவிலியம் நடத்தும் ஆசிரியை நான். வகுப்போடு வேலை முடிவதில்லை, மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துச் சொல்லித்தருவதும் என் பொறுப்புதான். பிரசவ வார்டில் ஆண் மாணவர்களை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நான் பார்த்த பதில், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். போஸ்டிங் நாட்கள் கழியும். பயிற்சியைப் பதிந்துவைக்கும் கேஸ் புக்கில் ‘உடனிருந்து கவனித்தவை’ என்ற பக்கம் எப்படியோ நிறையும். ‘தானே செய்தவை’ என்ற பக்கம் காலியாகக் கிடக்கும். தேர்வு நெருங்கும்போது தோழி ஒருத்தியின் கேஸ் புக்கைப் பார்த்து அதுவும் நிறைந்துவிடும். இதைத் திருட்டு என்று திட்டுவது சுலபம். கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்ததை எழுதச் சொன்னது யார் என்று யோசித்தால் திட்ட வாய் வராது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், வெளியே நிற்கும் அந்தப் பையன் கையில் இருக்கும் பாடப்புத்தகம் முழுக்க ஆண்களின் பெயர்தான். வயிற்றைத் தொட்டுக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும் நான்கு முறைகளுக்கு லியோபோல்ட் பெயர். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழலுக்குப் பினார்ட் பெயர். கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்துப் பிரசவத் தேதி சொல்லும் கணக்குக்கு நேகலே பெயர். கர்ப்பப்பை வாய் பக்குவமாகிவிட்டதா என்று மதிப்பெண் போடும் முறைக்கு பிஷப் பெயர். பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் குழந்தைக்குப் போடும் மதிப்பெண்ணுக்கு வரும்போதுதான் ஒரு பெண் பெயர் தட்டுப்படுகிறது: வர்ஜீனியா ஆப்கார். அவரும் மயக்க மருந்து நிபுணர். ஆக, பிரசவ அறைக்குள் ஆண் வரலாமா என்பது எப்போதோ முடிந்துபோன கேள்வி. டாக்டர் ஆணாக இருந்தால் யாரும் கதவை மறிப்பதில்லை. செவிலிய மாணவன், மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பார்க்கும் படிப்பு, படிக்க வந்தவன் என்றால்தான் கதவு பாதி திறந்து நின்றுவிடுகிறது.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு ஒரு பதிலை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. தன்னைப் பிரசவ வார்டு பணியில் போட மறுத்தார்கள் என்று ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு ஆண் செவிலியர் வழக்குப் போட்டார். 1981இல் தீர்ப்பு வந்தது, அவருக்கு எதிராக. டாக்டரை நோயாளி தானே தேர்ந்தெடுக்கிறார், செவிலியரை மருத்துவமனை ஒதுக்குகிறது, இரண்டும் ஒன்றல்ல என்பது நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காரணத்தை மட்டும் என்னால் ஒதுக்கித்தள்ள முடிந்ததில்லை.

மறு வருடமே, 1982இல், மிசிசிப்பியில் பெண்களுக்கு மட்டுமான ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட ஜோ ஹோகன் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 5-4 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ’கானர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. ஹோகன் வகுப்பில் வந்து உட்காரலாம், கேட்கலாம், ஆனால் அது பட்டத்துக்குச் சேராது என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்ததாம். நம் கேஸ் புக் கதையேதான்.

பிரான்ஸில் மிட்வைஃப் படிப்பு ஆண்களுக்குத் திறந்ததும் அதே 1982இல். பிரிட்டனில் 1975ஆம் வருடத்துப் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டமே மிட்வைஃப் வேலைக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தது. அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இந்த வேலையில் பெண்ணின் தனிப்பட்ட கூச்சமும் உணர்வும் கணக்கில் எடுக்க வேண்டியவை என்று நீதிமன்றம் 1983இல் ஒப்புக்கொண்டது. அதே வருடம் பிரிட்டன் தானாகவே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அங்கே பதிவு பெற்ற மிட்வைஃப்களில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஜப்பானில் இன்றும் சட்டப்படி மிட்வைஃப் என்றால் பெண் மட்டும்தான்.

சட்டம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே கட்டிலில் படுத்திருப்பவரிடம் யார், எப்போது, எப்படிக் கேட்பது என்பதை எந்தச் சட்டமும் சொல்லித்தராது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

வழக்கமாக எப்படிக் கேட்கிறோம்? சிஸ்டர் திரையை விலக்குவார். பின்னால் மூன்று மாணவர்கள் நிற்பார்கள். “ஸ்டூடண்ட்ஸ்மா, பார்க்கட்டும், பரவாயில்லதானே?” என்பார். கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்து, வலி ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில், முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிறவர் அந்த மூன்று முகங்களையும் பார்த்துக்கொண்டே ‘வேண்டாம்’ என்று சொல்வாரா? தலை லேசாக ஆடும். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். இதுகூட ஆண் மாணவர்கள் இருந்தால்தான். மாணவிகள் மட்டும் இருந்தால் அந்தக் கேள்வியும் கிடையாது. பெண்கள்தானே, உள்ளே வா.

ஒரு முறை ஒரு அம்மாவிடம் மாணவனைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, ஒத்துக்கொண்ட பிறகு அவனைக் கூட்டிப்போனேன். அவன் தன் பெயரைச் சொன்னான், என்ன செய்யப்போகிறான் என்றும் சொன்னான். அதே நேரத்தில் வேறொரு குழுவின் மாணவிகள் நான்கு பேர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்கள். நோட்டு, பேனாவோடு. அந்த அம்மா அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி இருக்கட்டும் மேடம். அவர் கேட்டுட்டு வந்தாரு. இவங்க நாலு பேரும் யாரு?”

மாணவிகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர்கள் மேல் தப்பில்லை. யாரையும் கேட்காமல் உள்ளே போவதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த முறை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஆண் மாணவர்கள் வார்டுக்குள் வந்ததால் புதுப் பிரச்சினை எதுவும் முளைக்கவில்லை. அனுமதி கேட்கிற வழக்கமே இல்லாமல்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம் என்பது வெளியே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது என் மாணவர்களுக்குக் கேட்பதை முதல் பாடமாக வைத்திருக்கிறேன். மாணவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்கக்கூடாது. அவன் இல்லாதபோது, வலிக்கும் வலிக்கும் இடையில், முடிந்தால் அட்மிஷன் போடும்போதே, நானோ சிஸ்டரோ கேட்க வேண்டும். அவன் ஆண் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், கதவு திறந்ததும் தெரிந்துகொள்ளும் ஆச்சரியமாக அது இருக்கக்கூடாது. என்னென்ன செய்வான் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிபி பார்க்கச் சம்மதித்தவர் வயிறு தொட்டுப் பார்க்கச் சம்மதித்ததாக ஆகாது. வயிற்றுக்குச் சம்மதித்தவர் உள்பரிசோதனைக்குச் சம்மதித்ததாக ஆகாது. நடுவில் மனம் மாறினால் ‘போதும்’ என்ற ஒரு சொல் போதும். முக்கியமாக, வேண்டாம் என்று சொன்னால் கவனிப்பில் எந்தக் குறையும் வராது என்பதைச் சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். மாணவிகளுக்கும் இதே முறைதான். அவர்களில் சிலருக்கு இதில் கொஞ்சம் வருத்தம், ‘நாங்க எதுக்கு மேடம் கேட்கணும்’ என்று.

பயந்த அளவுக்கு மறுப்பு வரவில்லை. வருகிற மறுப்பிலும் பாதி அந்தப் பெண்களுடையது அல்ல, உடன் வந்தவர்களுடையது. “அவளுக்குப் பிடிக்காது மேடம்” என்பார்கள், அவரைக் கேட்காமலேயே. அப்புறம், அதைவிட அதிகமாக, நம் ஆட்களுடையது. பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும் என்று சிஸ்டரே முடிவு பண்ணி மாணவனை வெளியே அனுப்பிவிடுவார். இவர்கள் எல்லாருமே நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘சரி’யையும் அவரிடம் கேட்கவில்லை, ‘வேண்டாம்’ என்பதையும் அவரிடம் கேட்கவில்லை.

பெண்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே பெரிய கதை ஒன்று இருக்கிறது. வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவு. அங்கே செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அதில் மாணவர்களின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே இரண்டு பிரிவாக இருந்த பிரசவ வார்டில், 1840இல் முதல் பிரிவை மருத்துவ மாணவர்களுக்கும், அதாவது ஆண்களுக்கும், இரண்டாம் பிரிவை மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கும் ஒதுக்கினார்கள். 1846இல் முதல் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் 3க்கும் குறைவு. விசாரிக்கக் குழு போட்டார்கள். ஆண் மாணவர்கள், அதிலும் வெளிநாட்டு மாணவர்கள், முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்கள், அதுதான் காரணம் என்றது குழு. மாணவர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். சில மாதம் சாவு குறைந்தது, மறுபடி ஏறியது. ஒரு முழுக் குழந்தை வெளியே வருகிற பாதையில் விரல் பட்ட முரட்டுத்தனம் உயிரை எடுக்குமா என்று செம்மல்வைஸ் கேட்டார். பிணப்பரிசோதனை அறையிலிருந்து நேராக வந்த கைகள் அவை. மருத்துவச்சி மாணவிகளுக்கு அந்த அறையில் வேலை இல்லை. 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் எண்ணிக்கை சரிந்தது.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது கை கழுவியது அல்ல. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியதாகச் செம்மல்வைஸே எழுதியிருக்கிறார். ஊருக்கே தெரிந்திருந்தது. குழுவுக்குத்தான் தெரியவில்லை. காரணம் தெரியாமல் சொன்ன ‘வேண்டாம்’தான், ஆனாலும் அது சரியாக இருந்தது.

அதனால்தான் ஒரு பெண் ஆண் மாணவன் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க நான் விடுவதில்லை. பழைய கசப்பான அனுபவம் இருக்கலாம், வெறும் கூச்சமாக இருக்கலாம், அன்றைக்கு மனசு சரியில்லாமல் இருக்கலாம். எதுவானாலும் அது நம் மதிப்பெண் தாளில் வராது.

மாணவனுக்கு அது வலிக்காது என்று சொல்லமாட்டேன். “ஏதோ தப்புப் பண்ண வந்தவன் மாதிரி பார்க்கிறாங்க மேடம்” என்று ஒருவன் சொன்னான், கண் கலங்கவில்லை, கோபமாகத்தான் சொன்னான். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அதைக் கொண்டுபோய்க் கட்டிலில் இருப்பவரிடம் இறக்க முடியாது என்றேன். இன்னொரு வகை மாணவர்களும் உண்டு. கதவு வரை போவார்கள், ஒரு நிமிடம் நிற்பார்கள், திரும்பி வந்து “வேண்டாம்னுட்டாங்க மேடம்” என்பார்கள். யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள். மறுப்பு அவர்களுக்குப் பெரிய நிம்மதி. கேட்டு உள்ளே போய்விட்டால் கற்றுக்கொள்ள வேண்டியிருக்குமே!

சரி, உள்ளே போனால் என்ன கற்றுக்கொள்கிறான்? பிரசவம் என்றால் உள்பரிசோதனை என்று நினைத்துத்தான் எல்லாரும் பதறுகிறார்கள். கற்க வேண்டியதில் பெரும்பகுதி அதற்கு வெளியே இருக்கிறது. வலியைக் கையால் எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கர்ப்பப்பையின் மேல்பகுதியில் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடம் முழுசாக இருக்க வேண்டும். புது மாணவர்கள் விரல் நுனியால் குத்துவார்கள், அது தேவையில்லாத வலி. கையைத் தொங்கவிட்டுக் கனமாகவும் வைக்கக்கூடாது. தோலோடு ஒட்டி இருக்க வேண்டும், அழுத்தக்கூடாது. வயிறு இறுகும்போது எவ்வளவு இறுகுகிறது என்று சொல்ல ஒரு பழைய வழி உண்டு. உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அந்த அளவு என்றால் லேசான வலி. தாடை என்றால் நடுத்தரம். நெற்றி மாதிரி விரலுக்கு மசியாமல் இருந்தால் பலமான வலி. வகுப்பில் இதைச் சொல்லும்போது மொத்த வகுப்பும் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் மேலே சொன்ன, பெயர் சொல்லிவிட்டு உள்ளே போன அந்த மாணவன் இப்படித்தான் உட்கார்ந்தான். முதலில் வலி வந்து அந்த அம்மா முனகிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவன் கைக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. வயிற்றின் இறுக்கம் கையில் படும், வலி அப்புறம்தான் உறைக்கும். “இப்ப ஏறுதுக்கா... ஏறுது... சரி, உச்சி தாண்டிருச்சு, இனிமே இறங்கிரும்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் அந்தக் குரலுக்கு மூச்சு விட்டார். வலி குறைந்ததா என்றால் இல்லை. எப்போது முடியும் என்பது மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் குழந்தைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்காது. “ஆறு வந்துருச்சு மேடம்” என்றான். சிஸ்டர் வந்து தானும் கை வைத்துப் பார்த்துவிட்டு சொட்டைக் குறைத்தார். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவரும் பார்டோகிராஃப் தாளில் அந்தக் கட்டத்தை அவனே நிரப்பினான். இதற்கெல்லாம் போர்வை இடுப்புக்குக் கீழே விலக வேண்டிய அவசியமே இல்லை.

உள்பரிசோதனையும் கற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் படிப்பு பாதியில் நிற்கும். அதற்கு உடன் ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. பெண்ணுக்கு மட்டுமல்ல, மாணவனுக்கும் அது பாதுகாப்பு.

‘பிள்ளை பெறாதவனுக்கு என்ன தெரியும்’ என்று வார்டில் அடிக்கடி காதில் விழும். இருபது வயது மாணவியும் பெற்றதில்லை, அவளை யாரும் இப்படிக் கேட்பதில்லை. பெற்றவர்கள் எல்லாரும் கனிவானவர்கள் என்றும் சொல்ல முடியாது. “நாங்கள்லாம் பெத்துக்கலையா, கத்தாதே” என்ற வசனத்தை ஆண் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதும் அதட்டுவதும் அடிப்பதும் உலகம் முழுக்க நடக்கிறது, அது நிறுத்தப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் தனி அறிக்கையே வெளியிட்டது. ஆண்கள் வந்துவிட்டால் அது மாறிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அதட்டலைச் சீனியர்களிடமிருந்துதான் ஜூனியர்கள் கற்கிறார்கள். அதில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

கடைசியாக எண்ணிக்கைப் பிரச்சினை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மிட்வைஃப் மாணவர் ஒருவர் குறைந்தது 40 பிரசவங்களைத் தானே பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் 30 பார்த்துவிட்டு இன்னும் 20இல் உடன் பங்கெடுக்கலாம். எண் எவ்வளவானாலும், மறுப்பு வரும் மாணவனுக்கு அதை எட்ட அதிக நேரம் பிடிக்கும். எண்ணைக் குறைத்துக் கொடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். கூடவே கூடாது. குறைந்த பயிற்சியோடு வெளியே வந்தால், ‘ஆணுக்கு இந்த வேலை வராது’ என்ற பேச்சை நாமே உண்மையாக்குகிறோம். குறைக்காமல் நாட்களைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். நைட் டியூட்டியில் கூட்டம் குறைவு, நிதானமாகக் கேட்கவும் முடியும், அங்கே போடலாம்.

அல்லது பொம்மை. 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் மதாம் து குத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் வைத்துத் தைத்த இடுப்பு பொம்மையைத் தூக்கிக்கொண்டு 1759 முதல் அரசர் அனுமதியோடு நாடு முழுக்கச் சுற்றிக் கற்றுக்கொடுத்தார். கிராமத்துப் பெண்கள் மட்டுமல்ல, ஆண் அறுவை மருத்துவர்களும் அவரிடம் வந்து கற்றார்கள். அதே நூற்றாண்டில் லண்டனில் ஸ்மெல்லி என்ற பிரசவ மருத்துவரும் பொம்மை வைத்துத்தான் நடத்தினார். ஆனால் அவர் மாணவர்கள் நிஜப் பிரசவமும் பார்த்தார்கள், எப்படி என்றால், ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்ப்பார், பதிலுக்கு மாணவர்கள் உள்ளே நிற்க அவர்கள் சம்மதிக்க வேண்டும். காசில்லாதவரின் சம்மதம் எந்த மாதிரிச் சம்மதம் என்பதை இலவசப் படுக்கைகளில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

பொம்மையில் கற்பது நல்லதுதான், நானும் முதலில் அதில்தான் ஆரம்பிக்கிறேன். பொம்மைக்கு வலி வராது, ‘யாரு இவங்க’ என்றும் கேட்காது. எங்கள் செய்முறைத் தேர்வில் வெகுகாலம் மாணவிகளுக்கு வார்டும் ஆண் மாணவர்களுக்குப் பொம்மையும் ஒதுக்கினார்கள், மதிப்பெண் தாள் மட்டும் ஒன்றே. இப்போது சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். வார்டு விழுந்தவர்கள், ஆணோ பெண்ணோ, தேர்வாளர் வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், அதற்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. இன்னும் தீராமல் இருப்பது உடை மாற்றும் அறை. மகப்பேறு பிளாக்கில் ஒரே ஒரு அறைதான், பெண்களுக்கு. பையன்கள் பழைய ஸ்ட்ரெச்சர் போட்டு வைத்திருக்கும் அறையில் மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குத் தாழ்ப்பாள் வைத்துத் தரச் சொல்லி மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.